அகதிகளுக்குக் கணக்கப்பிள்ளையான சப்பாத்து முதலாளி

ஒன்ராறியோவில் வாழும் எம்மவரிற் பலர் சனிக்கிழமைகளில் சென் ஜேக்கப்ஸ் சந்தைக்குச் சென்று வந்திருப்பர். கறுப்பு உடையும் அகன்ற தொப்பியும் அணிந்து, குதிரை வண்டிகளிலே வந்திறங்கும் கமக்காரர்களை அங்கே காணலாம். காரும் தொலைக்காட்சியும் வேண்டாமென்று வாழும் மனிதர்கள் இவர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, மேப்பிள் பாணியும் மரக்கறியும் வாங்கிக்கொண்டு நாம் வீடு திரும்பிவிடுகின்றோம். அவர்கள் மெனோனைற் என்னும் கிறிஸ்தவப் பிரிவினருள் பழைய முறைமை வழுவாத ஒரு சிறு பகுதியினர் மட்டுமே. ஏனையோர் எம்மைப் போலவே கார் ஓட்டுகின்றனர், தொழிற்சாலை நடத்துகின்றனர், பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கின்றனர். இவ்வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டவரும் அத்தகையவரே. சப்பாத்து உற்பத்தி செய்து விற்ற ஒரு முதலாளி. பெயர் ஓரி மில்லர். அகதி என்னும் சொல்லோடு அவருக்கிருந்த தொடர்பு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

முதலில் இம்மக்களின் வரலாற்றைச் சிறிது கூறவேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலே மதச் சீர்திருத்தம் தலையெடுத்தபோது, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தல் பொருளற்றது, ஆயுதம் ஏந்தலாகாது, சத்தியம் செய்தலாகாது எனக் கூறி எழுந்த கூட்டத்தினரின் வழிவந்தோர் இவர்கள். ஒல்லாந்துக் குருவானவராயிருந்து பின் இவர்களோடு சேர்ந்த மென்னோ சீமோன்ஸ் என்பாரின் பெயரே இவர்களுக்கு வழங்கலாயிற்று. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஒருங்கே இவர்களை வேட்டையாடினர், நெருப்பிலிட்டனர், ஆற்றில் அமிழ்த்தினர். தப்பி ஓடியவர்களில் ஒரு சாரார் விஸ்துலா ஆற்றுப் பகுதியிலும், பின்னர் பேரரசி கதரீனின் அழைப்பை ஏற்று 1789 முதல் தென் உக்ரேன் புல்வெளிகளிலும் குடியமர்ந்தனர். மற்றொரு சாரார் சுவிற்சர்லாந்திலும் தென் ஜேர்மனியிலும் இருந்து பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினர். பின்னவரின் மரபிலே வந்தவர் மில்லர். அவர் துணைநின்றது பெரும்பாலும் முன்னவர்களின் வழித்தோன்றல்களுக்கு. ஒரே நம்பிக்கையைக் கொண்டிருந்தாலும் நூற்றாண்டுகளாக ஒருவரையொருவர் காணாத உறவினர்கள் இவர்கள்.

1892 யூலை 7ஆம் நாள் இந்தியானா மாநிலத்தின் மிடில்பெரி என்னும் ஊரருகே, கமக்காரரும் சபைப் போதகருமான ஒருவரின் மகனாக மில்லர் பிறந்தார். கோஷன் கல்லூரியில் 1915இல் பட்டம் பெற்று, அதே ஆண்டில் எல்ற்றா வுல்ஃப் என்னும் பெண்ணை மணந்து, பென்சில்வேனியாவின் அக்ரன் என்ற சிற்றூருக்கு வந்தார். மாமனார் அங்கே சப்பாத்துத் தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்தார். கணக்கெழுதுவதிலும் கொள்முதல் செய்வதிலும் கெட்டிக்காரராயிருந்த மருமகன் விரைவிலே தொழிலில் ஊன்றிக்கொண்டார். பிற்காலத்திற் பங்காளிகளோடு சேர்ந்து தாமே ஒரு சப்பாத்துக் கொம்பனியின் உரிமையாளராகவும் ஆனார். அவ்வளவோடு நின்றிருப்பின் அவரைப் பற்றி எழுத எமக்கு ஏதுமில்லை.

முதலாம் உலகப் போர் முடிந்ததும், 1919இல், நிவாரணப் பணிக்கெனப் புறப்பட்ட இளைஞர் குழுவொன்றுடன் அவர் பெய்ரூற் சென்றார். துருக்கியப் பேரரசு சிதைந்துகொண்டிருந்த வேளை அது. உயிர்பிழைத்த ஆர்மேனியரும் பட்டினியால் மெலிந்த சிரிய மக்களும் துறைமுகங்களிலே குவிந்து கிடந்தனர். மில்லருக்குக் கிடைத்த வேலை பிரசங்கம் செய்வதன்று. பொருட்களை இறக்குவது, எண்ணுவது, உரிய இடத்துக்கு அனுப்புவது. ஒரு மூடை மா எங்கே புறப்பட்டது, எங்கே குறைந்தது, யார் கையொப்பமிட்டுப் பெற்றார் என்பதைத் தேடி அறிவது. சப்பாத்துத் தொழிற்சாலையிற் படித்த பாடம் பசித்த மக்களுக்கும் உதவும் என்பதை அவர் அங்கேதான் கண்டுகொண்டார் என நாம் கருதுகின்றோம்.

ஹால்ப்ஸ்ரட்டில் நின்றுபோனவர்

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ரஷ்யப் புரட்சியை ஆண்டுதோறும் படிப்பித்திருக்கின்றோம். உள்நாட்டுப் போர் என்பது பாடநூலில் ஒரு பந்தி. பரீட்சையில் ஒரு வினா. அப்பந்திக்குள்ளே தென் உக்ரேனின் மெனோனைற் கிராமங்கள் பட்ட பாட்டை அன்று நாம் அறிந்திருக்கவில்லை. வெண்படையும் செம்படையும் மாறி மாறி வந்தன. இடையிலே மக்னோ என்பாரின் குதிரைப் படையினர் புகுந்து கிராமங்களைக் கொள்ளையிட்டுப் பலரைக் கொன்றனர். வந்த படை ஒவ்வொன்றும் தானியத்தையும் குதிரைகளையும் கொண்டு சென்றது; விட்டுச் சென்றது தைபஸ் காய்ச்சலை. காலையில் ஒரு படைக்கும் மாலையில் மறு படைக்கும் சமைத்துக் கொடுத்த அனுபவம் உள்ள வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இச்செய்தியோடு அக்கிராமங்களின் தூதுக்குழுவொன்று 1920ஆம் ஆண்டிலே அமெரிக்கா வந்து சேர்ந்தது. அதுவரை தனித்தனிச் சபைகளாகப் பிரிந்து, ஒன்றோடொன்று அவ்வளவாக ஒட்டாதிருந்த மெனோனைற் பிரிவினர், அவ்வாண்டு யூலை 27ஆம் நாள் எல்க்ஹார்ட் நகரிற் கூடி, உதவி அனைத்தையும் ஒரே வழியால் அனுப்புவதென முடிவு செய்தனர். இவ்வாறு தோன்றியதே மெனோனைற் மத்திய குழு. தற்காலிகமான ஏற்பாடாகவே அன்று அதனைக் கருதினர். தற்காலிகம் எனத் தொடங்கியது நூறாண்டுகளைக் கடந்துவிட்டது.

முதலில் யார் போவது? பெய்ரூற்றிலிருந்து திரும்பியிருந்த மில்லர் முன்வந்தார். அவருக்கு வயது 28. உடன் சென்றோர் ஆர்தர் சிலேகல், கிளேற்றன் கிராற்ஸ் என்னும் இருவர். கிராற்ஸ் பென்சில்வேனியாவைச் சேர்ந்த கமக்காரர் வீட்டுப் பிள்ளை. கோஷன் கல்லூரி மாணவர். படிப்பை இடைநிறுத்திவிட்டுப் புறப்பட்டவர்.

மூவரும் செப்ரெம்பர் 1ஆம் நாள் நியூயோர்க்கிற் கப்பலேறினர். மாதக் கடைசியில் கொன்ஸ்தாந்திநோபிளை அடைந்தனர். சிலேகல் அங்கே தங்கிப் பொருட்களைக் கவனிக்க, மில்லரும் கிராற்ஸும் கருங்கடலைக் கடந்து கிரிமியாவில் இறங்கினர். தென்பகுதி அப்போது வெண்படைத் தளபதி விறாங்கலின் ஆட்சியில் இருந்தது. உள்நாட்டிற் பயணம் செய்து மெனோனைற் குடியேற்றங்களின் நடுவூரான ஹால்ப்ஸ்ரட்டை அடைந்த இருவரும், சவர்க்காரமும் மருந்தும் துணியுமின்றித் தவித்த மக்களைக் கண்டனர். தேவை என்னவென்று கண்டாயிற்று. இனிப் பொருட்களைக் கொண்டுவருதல் வேண்டும். கிராற்ஸ் அங்கே தங்கி விநியோகத்துக்கு ஆயத்தம் செய்வதென்றும், மில்லர் கொன்ஸ்தாந்திநோபிள் திரும்பிப் பொருட்களோடு வருவதென்றும் முடிவாயிற்று.

சில கிழமைகளில் திரும்பிவிடலாம் என்பதே அவர்களது எண்ணம். நவம்பரிலே போர்முனை உடைந்தது. செம்படை கிரிமியாவரை இறங்கிவிட, விறாங்கலின் படையும் பெருந்தொகையான பொதுமக்களும் கிடைத்த கப்பல்களிலே ஏறி ஓடினர். ஹால்ப்ஸ்ரட்டுக்குத் திரும்பும் வழி முற்றாக அடைபட்டது. கிராற்ஸ் அங்கே கைதுசெய்யப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. பின்வந்த நிவாரணப் பணியாளர்கள் விசாரித்தனர். அதிகாரிகளிடம் மனுக் கொடுத்தனர். கேள்விப்பட்டதெல்லாம் ஆளுக்கொரு கதை. பென்சில்வேனியாவில் இருந்த பெற்றோருக்கு உடலும் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை.

காணாமற் போனவர் என்பது எம் வாசகர்கள் பலரது வீட்டிலே சுவரில் மாட்டிய படமாக இருக்கும் ஒரு சொல். அப்படத்துக்கு மாலை போடுவதா, விளக்கேற்றுவதா என்று இன்றும் முடிவு செய்ய இயலாத தாய்மாரை நாம் அறிவோம். ஆகவே கிராற்ஸின் கதையை நாம் விரைந்து கடந்துபோக விரும்பவில்லை. மில்லர் பிழைத்தார், தோழர் பிழைக்கவில்லை. இடம் மாறியிருந்தால் விளைவும் மாறியிருக்கும். இவ்வெண்ணம் அவரது உள்ளத்தில் எவ்வாறு இருந்தது என்பதை அவரது பின்னைய வாழ்க்கையைக் கொண்டே நாம் ஊகிக்கலாம். சொற்களிற் சிக்கனமான மனிதர் அவர். ஊர் திரும்பிச் சப்பாத்து வியாபாரத்தில் மூழ்கியிருக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. வியாபாரத்தை அவர் விடவில்லை, இதனையும் விடவில்லை.

வழி அடைபட்ட பின்பும் பணி நிற்கவில்லை. கொன்ஸ்தாந்திநோபிளிலே ஒதுங்கிய அகதிகளுக்கு உதவினர். சோவியத் அரசோடு 1921இல் உடன்பாடு எட்டிய பிறகு, 1922 மார்ச்சிற் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன; மெனோனைற் அல்லாதோரும் அங்கே உணவு பெற்றனர். குதிரைகள் அழிந்துபோன வயல்களை உழுவதற்கென 50 போர்ட்சன் உழவு இயந்திரங்கள் கப்பலில் அனுப்பப்பட்டன. இன்றைய பசிக்குக் கஞ்சி, அடுத்த போகத்துக்கு உழவு இயந்திரம். மில்லரின் பிற்கால வேலைமுறையின் வித்து இங்கேயே இருந்தது.

தூர இல்லம்

1929இன் பிற்பகுதியிற் கூட்டுப்பண்ணைக் கெடுபிடிக்கு அஞ்சிய ஆயிரக்கணக்கான மெனோனைற்றினர், வெளியேறும் அனுமதி கோரி மொஸ்கோவின் புறநகர்களிலே திரண்டனர். ஏறத்தாழ 4,000 பேர் ஜேர்மனியை அடைந்தனர்; எஞ்சியோரிற் பெருந்தொகையினர் சரக்கு வண்டிகளில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். ஜேர்மனியோ இடைத்தங்கல் இடம் மட்டுமே. 1923 முதல் இவர்களது உறவினர் 20,000 பேரளவில் ஏற்றிருந்த கனடா, பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டிக் கதவை ஏறக்குறையச் சாத்திவிட்டது. எஞ்சிய நாடுகளுள், படைச்சேவையிலிருந்து விலக்களிக்கும் சட்டத்தை 1921இலேயே இயற்றியிருந்தது பராகுவே. அங்கேயே அனுப்புவதென மத்திய குழு முடிவு செய்தது.

அவர்கள் சென்று சேர்ந்த இடம் சாக்கோ. முட்புதரும் உப்புநீர்க் கிணறுமாக, கொதிக்கும் வெயிலிற் கிடந்த சமவெளி. பக்கத்திலே 1927இல் கனடாவிலிருந்து சென்ற மெனோனைற்றினரின் குடியேற்றம் ஒன்று இருந்தது. அதைத் தவிர வேறு துணையில்லை. 1930இல் தாம் அமைத்த குடியேற்றத்துக்கு அவர்கள் பேர்ன்ஹைம் எனப் பெயரிட்டனர். தூர இல்லம் என்பது அதன் பொருள். முதலாண்டிலேயே நெருப்புக் காய்ச்சல் வந்து பிள்ளைகளையும் பெரியோரையும் கொண்டுபோயிற்று. அடுத்து வந்தது பராகுவேக்கும் பொலிவியாவுக்கும் இடையிலான போர்; போருக்குத் தப்பி ஓடியவர்களின் வேலிக்கு அருகிலேயே போர். மனமுடைந்த மூன்றிலொரு பங்கினர் 1937இல் அங்கிருந்து விலகிக் கிழக்கே வேறு குடியேற்றம் அமைத்தனர்.

இங்கேதான் வியாபாரியின் மூளை பயன்பட்டது. குடியேறியோர் நிலத்தை ஒரு காணிக் கொம்பனியிடம் கடனுக்கு வாங்கியிருந்தனர். பயணச் செலவும் கடன், காணியும் கடன். கடன்காரன் வெளியார் கொம்பனியாக இருக்கும்வரை இவர்களுக்கு மீட்சியில்லை என்று கண்ட மத்திய குழு, 1937இல் அக்காணிக் கொம்பனியையே விலைக்கு வாங்கிவிட்டது. நிவாரண அமைப்பொன்று காணிக் கொம்பனியை வாங்குவது அன்று எவரும் கேள்விப்படாத செய்தி. மில்லர் 1935இலேயே குழுவின் செயலாளர் பொறுப்பை ஏற்றிருந்தார். 1958 வரை அப்பொறுப்பில் இருந்தார். அலுவலகமும் அவர் வாழ்ந்த அக்ரனுக்கே வந்து சேர்ந்தது. சப்பாத்துத் தொழில் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டது. நேரத்தின் பெரும் பகுதியைக் குழு எடுத்துக்கொண்டது. ஐந்து பிள்ளைகளையும் வளர்த்தெடுத்த பாரம், கணவர் கடல் கடந்திருந்த காலமெல்லாம், எல்ற்றாவின் தோளிலேயே இருந்தது. பொதுப்பணியாளரின் வாழ்க்கை வரலாறுகளில் இவ்வரி எப்போதும் சிறியதாகவே அச்சாகின்றது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் படையிற் சேர மறுத்த அமெரிக்க இளைஞர்களுக்கென மாற்றுச் சேவை முகாம்கள் அமைந்தபோது, செலவை யார் ஏற்பது என்ற வினா எழுந்தது. தம்மவரின் பங்கை, கமத்தை ஈடுவைக்க நேர்ந்தாலும், தாமே கொடுப்பதாக மில்லர் அரச அதிகாரிகளிடம் உறுதி கூறினார். கொடுக்கவும் செய்தனர். ஏறத்தாழ 12,000 பேர் 1941 முதல் 1947 வரை சம்பளமின்றி அவ்வாறு உழைத்தனர்.

போர் முடிந்ததும் மீண்டும் அகதிகள். உக்ரேனிலிருந்து பின்வாங்கும் ஜேர்மன் படையோடு மேற்கே நடந்து வந்த மெனோனைற்றினர், சோவியத் அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிடுவரோ என்று அஞ்சிப் பெர்லினிலும் வேறிடங்களிலும் ஒளிந்திருந்தனர். 1947 பெப்ரவரி 1ஆம் நாள், 2,300க்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு வொலெண்டம் என்னும் ஒல்லாந்துக் கப்பல் பிறேமர்காவன் துறைமுகத்தை விட்டது. பெர்லினில் இருந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சோவியத் வலயத்தினூடாக ரயிலில் வந்து கடைசி நேரத்திலே ஏறிக்கொண்டனர். பராகுவேயில் இவர்களைக் குடியமர்த்தும் பணிக்கு, தாமும் ரஷ்யாவிலிருந்து வெளியேறி வந்து வின்னிபெக்கில் வியாபாரம் செய்த சி. ஏ. டிபேர் என்பார் மனைவியோடு புறப்பட்டுச் சென்றார்.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் தகாது. இவ்வகதிகள் ஜேர்மனியரல்லர், ஒல்லாந்து வழிவந்தோர் என்றே மத்திய குழுவின் பணியாளர்கள் சர்வதேச அதிகாரிகளிடம் வாதாடினர். ஜேர்மன் இனத்தவர் எனிற் சர்வதேச உதவி கிட்டாது என்பதே காரணம். ஆனால் அவர்களுட் பலர் போர்க்காலத்தில் ஜேர்மன் குடியுரிமை பெற்றவர்கள். சிலர் ஜேர்மன் படையிற் பணியாற்றியவர்கள். வரலாற்றாசிரியர்கள் இதனை அண்மைக் காலத்தில் விரிவாக ஆராய்ந்துள்ளனர். விசாரணை மேசையின் முன் எதைச் சொல்வது, எதை விடுவது என்று இரவெல்லாம் விழித்திருந்த எமக்கு அம்மக்களின் அச்சம் விளங்குகின்றது. அதனால் உண்மை வேறாகிவிடாது.

பங்காளியாக்கும் கடன்

பராகுவேக்கு மில்லர் மீண்டும் மீண்டும் சென்றார். குடியேறியோர் பட்டினி கிடக்கவில்லை; ஆனாற் கையிலே காசு இல்லை. விளைந்ததை விற்கச் சந்தை தொலைவில். வங்கி எதுவும் இவர்களுக்குக் கடன் கொடாது. நன்கொடைப் பெட்டிகளை அனுப்பிக்கொண்டேயிருந்தால் இவர்கள் என்றும் கையேந்துவோராகவே இருப்பர் என்பது அவரது கணிப்பு. எனவே 1953இல் மெனோனைற் வியாபாரிகள் சிலரைக் கூட்டினார். மீடா என்னும் பொருளாதார அபிவிருத்திச் சங்கம் இவ்வாறு பிறந்தது.

அதன் முறை எளியது. பேர்ன்ஹைமிலே சரோனா என்னும் மாட்டுப் பண்ணை முதல் முயற்சி. பின்னர் தோல் பதனிடும் தொழிற்சாலை. அதன் பின்னர், எதிர்பார்க்கக்கூடியவாறே, சப்பாத்துத் தொழிற்சாலை. வட அமெரிக்க முதலாளிகள் தம் சொந்தப் பணத்தை முதலாக இட்டனர். குடியேறியோரும் தம்மாலியன்ற பங்கை இட்டு, தாமே தொழிலை நடத்தினர். இலாபம் வரவர வெளியாரின் பங்கை உள்ளூர்ப் பங்காளி வாங்கிக்கொள்ளலாம். முழுவதையும் வாங்கியபின் மீடா விலகிவிடும். திரும்பி வந்த பணம் வேறொருவரின் தொழிலுக்குப் போகும். எமது ஊர்ச் சீட்டைப் போன்று, ஒருவர் எடுத்த பணம் அடுத்தவருக்காகத் திரும்ப வந்தாக வேண்டும்.

தானமாகக் கொடுத்தால் என்ன, அகதியிடம் கணக்குக் கேட்பது கல்நெஞ்சமன்றோ எனச் சில வாசகர்கள் வினவலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் இந்நாட்டுக்கு வந்த புதிதிலே அரசாங்க உதவிப்பணத்துக்காக அலுவலகக் கதிரையில் அமர்ந்திருந்த நாட்களை நினைத்துப் பார்க்கின்றோம். பணம் தந்த எழுதுவினைஞர் எம்மிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அதுவே எம்மை வதைத்தது. கடன் கொடுப்பவன், இவன் திருப்பித் தருவான் என்று எம்மை நம்புகின்றான். 1920களில் கனடாவுக்கு வந்த மெனோனைற்றினர், கனேடிய பசுபிக் ரயில்வே கொம்பனி கடனுக்கு ஏற்றிவந்த பயணச் செலவை 1946 நவம்பரிலே கடைசிச் சதம்வரை கட்டிமுடித்தனர். கொடுக்க இயலாதோரின் பங்கைக் கொடுக்க இயன்றோர் ஏற்றனர். அக்கடன் முடியும்வரை அது சபையின் மானப் பிரச்சினையாகவே இருந்தது.

மீடாவின் தொடக்ககாலப் பங்காளிகளுள் ஒஹாயோ மாநிலத்துத் தளபாட உற்பத்தியாளர் ஏரி சோடரும் ஒருவர். பெட்டியில் வாங்கிவந்து வீட்டிலே நாமே பூட்டிக்கொள்ளும் புத்தக அலுமாரிகளுக்குப் பெயர்போன கொம்பனி அவருடையது. எம்மவரின் தொடர்மாடி வீடுகள் சிலவற்றிலும் அது நிற்கக்கூடும். அவர் பிற்காலத்திற் சாக்கோவின் பழங்குடி மக்களிடையே பணியாற்றினார். அதற்குத் தேவை இருந்தது. சாக்கோ வெறுங்காடு அன்று. என்லெற் முதலிய மக்கள் காலங்காலமாக வேட்டையாடித் திரிந்த மண். கொம்பனியிடம் அகதிகள் விலைகொடுத்து வாங்கியது, கொம்பனிக்கு உரியதல்லாத வேறொருவரின் ஊர். பழங்குடியினர் தம் நிலத்திலேயே கூலியாட்களாயினர். இந்தப் பற்று மில்லரின் கணக்குப் புத்தகத்திலே ஆரம்பத்தில் எழுதப்படவில்லை. புகலிடம் தேடியவனும் இன்னொருவனின் இடத்தைப் பறிக்க நேர்ந்த இக்கதையை, கனடா மண்ணில் இருந்துகொண்டு எழுதும் நாம் உரத்துக் கண்டிக்கத் தயங்குகின்றோம். இங்கும் எமக்கு முன்னே ஒருவர் இருந்தார்.

மில்லர் 1977 ஜனவரி 10ஆம் நாள் தமது 84ஆவது வயதிற் பென்சில்வேனியாவிலே காலமானார். மீடா இன்றும் பல நாடுகளிற் சிறுதொழில் முயல்வோருக்குத் துணைநிற்கின்றது.

எமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தி எஞ்சியுள்ளது. அரசாங்கம் மட்டுமன்றிப் பொதுமக்கள் குழுக்களும் அகதிகளைப் பொறுப்பேற்று அழைக்கலாம் என்ற ஏற்பாடு, கனடாவின் 1976ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் மூலம் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. பொறுப்பேற்க அவ்வளவாக எவரும் முன்வந்திலர். வியட்நாமியரும் லாவோசியரும் படகுகளிலும் முகாம்களிலும் தவித்துக்கொண்டிருந்த 1979 மார்ச் 5ஆம் நாள், அரசாங்கத்தோடு முதலாவது பொறுப்பேற்பு ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டது மத்திய குழுவின் கனடாக் கிளை. மற்றைய சபைகள் அவ்வழியே தொடர்ந்தன. 1980 முடிவதற்குள் கனடாவுக்கு வந்த இந்தோசீன அகதிகள் ஏறத்தாழ 60,000 பேரிற் பாதிக்கும் மேற்பட்டோர் இத்தகைய குழுக்களின் பொறுப்பிலே வந்தவர்கள்.

எம்மவரிற் பெரும்பாலானோர் வந்திறங்கிய பின்னரே அகதிக் கோரிக்கை வைத்தவர்கள். எனினும் தேவாலயக் குழுக்கள் பொறுப்பேற்று அழைத்த தமிழ்க் குடும்பங்களும் எம்மிடையே உள்ளன. அவ்வொப்பந்தத்தின்படி, பொறுப்பேற்கும் குழு ஓராண்டு காலத்துக்கு அக்குடும்பத்தின் வாடகை, உணவு, குளிருடை, சப்பாத்து ஆகியவற்றின் செலவை முன்கூட்டியே கணக்கிட்டு, பணம் தன்னிடம் உண்டென்று காட்டவேண்டும். அது முதன்முதலாகக் கைச்சாத்தானபோது ஓரி மில்லர் மறைந்து ஈராண்டுகள் ஆகியிருந்தன.